மெலேயில் தனிப்பயிற்சி: திரையில் என்ன வந்தது என்று பார்த்துப் பிழையைப் பிடிப்பது

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே 2001இல் நின்டென்டோவின் கேம்கியூப் கன்சோலுக்கு வந்த சண்டை விளையாட்டு. இன்றுவரை அதை விடாமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். 2020இல் ஸ்லிப்பி என்ற மென்பொருள் வழியாக ரோல்பேக் நெட்கோடு (இணையத் தாமதத்தை மறைக்கும் முறை) கிடைத்த பிறகு, வீட்டில் இருந்தபடியே நல்ல ஆட்டக்காரர்களோடு மோத முடிகிறது. ஆனால் மோதுவதற்கு முன்னால் கைக்குப் பழக வேண்டியவை நிறைய இருக்கின்றன. வேவ்டேஷ், எல்-கேன்சல், ஷார்ட் ஹாப், லெட்ஜ்டேஷ் என்று அது நீண்டுகொண்டே போகும் (இவை என்ன என்று கீழே வரும்). பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லாதவர்கள் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு அதையே மணிக்கணக்கில் செய்துபார்க்கிறார்கள். வரவில்லை என்றால் இன்னும் வேகமாக, இன்னும் அழுத்தமாகப் பட்டனைத் தட்டுகிறார்கள். மெலேயில் இது பலன் தராது.

இந்த விளையாட்டு நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது. ஒரு ஃபிரேம், அதாவது திரையில் வரும் ஒரு படம், ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி. இதே வரிசையில் 2018இல் வந்த அல்டிமேட்டில் பட்டனைச் சற்று முன்னதாக அழுத்திவிட்டாலும் விளையாட்டு அதை வைத்திருந்து, நேரம் வந்ததும் செய்துகொடுக்கும். மெலேயில் அந்தச் சலுகை கிட்டத்தட்ட இல்லை. முன்னால் அழுத்தினால் அழுத்தியதாகவே கணக்கில்லை. பின்னால் அழுத்தினால் வேறு ஏதாவது வரும். கேட்கக் கடுமையாக இருக்கிறதுதான், ஆனால் தனியாகப் பழகுபவருக்கு இது பெரிய வசதி. கேட்டதற்குப் பதிலாகத் திரையில் வந்தது எது என்று கவனித்தாலே, விரல் முந்தியதா, பிந்தியதா, ஸ்டிக் கோணம் தவறியதா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதனால் ஒவ்வொரு முறை தவறும்போதும் உடனே அடுத்த முயற்சிக்குப் போகாமல், என்ன வந்தது என்று ஒரு கணம் பாருங்கள். கீழே உள்ளவை எல்லாம் அந்த வரிசையில்தான் இருக்கின்றன: முதலில் என்ன தெரிகிறது, பிறகு ஏன், பிறகு என்ன செய்வது.

முதலில் கருவி

பயிற்சிக்கு அங்கிள்பஞ்ச் உருவாக்கிய ட்ரெயினிங் மோட் என்ற மாற்றத்தை (ரசிகர்கள் விளையாட்டில் செய்யும் திருத்தம்) போட்டுக்கொள்ளுங்கள். அதன் கம்யூனிட்டி எடிஷன் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. மெலேயின் வட அமெரிக்க 1.02 பதிப்பு டிஸ்க்கிலிருந்து எடுத்த கோப்பு இதற்கு வேண்டும். கேம்கியூப் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் டால்ஃபின் எமுலேட்டரிலும் ஓடும், அசல் கன்சோலிலும் ஓடும். எல்-கேன்சல் எந்த ஃபிரேமில் விழுந்தது, வேவ்டேஷ் எந்தக் கோணத்தில் போனது என்பதையெல்லாம் திரையிலேயே எழுதிக் காட்டும். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்க்கலாம் (ஃபிரேம் அட்வான்ஸ்). ஒரு நிலையைச் சேமித்து வைத்துக்கொண்டு, தவறியதும் அங்கிருந்தே தொடங்கலாம். விளையாட்டோடு வரும் பயிற்சி முறையில் வேகத்தைக் குறைக்கலாம், எதிராளியைச் சும்மா நிற்க வைக்கலாம். ஆனால் ஏன் தவறியது என்று அது சொல்லாது. தனியாக இருப்பவருக்கு வேண்டியதோ அதுதான்.

கை தொடாமல் இருக்கும்போதே பாத்திரம் மெல்ல நகர்கிறது, அல்லது ஒரு பக்கம் ஓடும்போது மட்டும் தயங்குகிறது என்றால் நுட்பத்தைக் குறை சொல்லாதீர்கள். கேம்கியூப் கன்ட்ரோலரில் ஸ்டிக்கை விட்டுவிட்டு எக்ஸ், ஒய், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் ஸ்டிக்கின் நடுநிலை மறுபடி அமையும். ஸ்டிக்கையோ டிரிக்கரையோ பிடித்துக்கொண்டே வயரைச் செருகினால் அந்த நடுநிலை தவறாகப் பதிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஃபால்கோ என்ற பாத்திரத்தின் லேசர் திடீரென்று முதுகுப் பக்கம் பாய்கிறது என்பது இன்னொரு புகார். ஸ்டிக்கைச் சுண்டி விட்டதும் அது நடுவில் நிற்காமல் ஒரு கணம் எதிர்ப்பக்கம் தாண்டிப் போய்த் திரும்புகிறது. இதற்கு ஸ்னேப்பேக் என்று பெயர். எத்தனை மணி நேரம் பழகினாலும் இது போகாது. ஸ்டிக்கைச் சுண்டி விடாமல் விரலோடு நடுவுக்குக் கொண்டுவருவது தற்காலிகத் தீர்வு. கன்ட்ரோலர் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து ஒரு சிறு கெப்பாசிட்டர் போட்டுக்கொள்வது நிரந்தரத் தீர்வு.

எக்ஸ்பாக்ஸ் வகை கன்ட்ரோலரில் பழகுபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மெலேயில் ஏர் டாட்ஜ் (காற்றில் விலகும் அசைவு) வர எல் அல்லது ஆர் பட்டன் அடிவரை அழுந்தி 'க்ளிக்' ஆக வேண்டும். எக்ஸ்பாக்ஸ் டிரிக்கரில் அந்த க்ளிக் கிடையாது. டால்ஃபினின் வழக்கமான அமைப்பில் டிரிக்கர் ஏறத்தாழ முழுதும் உள்ளே போன பிறகுதான் அது அழுந்தியதாகக் கணக்கு. அதற்குள் ஃபிரேம்கள் ஓடிவிடும். மேலே இருக்கும் பம்பர் பட்டனை எல் அல்லது ஆர் என்று மாற்றி வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. விசைப்பலகையில் ஆடுபவர்களுக்குக் கீழும் பக்கமும் சேர்த்து அழுத்தினால் எப்போதும் 45 பாகைதான் வரும். கோணத்தை மாற்ற மாடிஃபையர் விசை ஒன்றை ஒதுக்கியே ஆக வேண்டும்.

வேவ்டேஷ் கேட்டால் வேறு ஏதோ வருகிறது

அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். குதிக்கும் பட்டனை அழுத்தியதும் பாத்திரம் உடனே தரையை விடாது. சில ஃபிரேம் முழங்காலை மடக்கி நிற்கும். அதுதான் ஜம்ப்ஸ்குவாட். ஃபாக்ஸுக்கு 3 ஃபிரேம், மார்த்துக்கும் கேப்டன் ஃபால்கனுக்கும் 4, ஃபால்கோவுக்கு 5, பௌசருக்கு 8. அது முடிந்து கால் தரையை விட்டதும் சாய்வாகக் கீழ்நோக்கி ஏர் டாட்ஜ் செய்தால், பாத்திரம் தரையில் மோதிச் சறுக்கும். இதுதான் வேவ்டேஷ். 10 ஃபிரேம் கழித்து எதை வேண்டுமானாலும் செய்யலாம். ஆக, இரண்டு பட்டன்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும். ஃபாக்ஸில் அது 50 மில்லிவிநாடி, ஃபால்கோவில் 80க்கு மேல்.

வெறும் குதி மட்டும் வருகிறது, ஏர் டாட்ஜ் வரவே இல்லை என்றால், நீங்கள் முந்திவிட்டீர்கள். ஜம்ப்ஸ்குவாட் முடிவதற்குள் எல் பட்டனை அழுத்தியதால் விளையாட்டு அதைக் கண்டுகொள்ளவில்லை. ஃபாக்ஸிலிருந்து ஃபால்கோவுக்கு மாறுபவர்களிடம் இது அதிகம். கை இன்னும் ஃபாக்ஸின் தாளத்தில் இருக்கிறது. இங்கே "வேகமாக அழுத்து" என்பது நேர் எதிரான மருந்து. நிதானமாக, தட்-தட் என்று இரண்டு தனி ஒலி கேட்கும்படி அழுத்துங்கள்.

பாத்திரம் கொஞ்சம் மேலே போய், அங்கே ஏர் டாட்ஜ் செய்து, பிறகு தொப்பென்று விழுகிறது என்றால் பிந்திவிட்டீர்கள். இதில் இரண்டு நிலை உண்டு. ஓரிரு ஃபிரேம் பிந்தினால் சறுக்கல் வரும், ஆனால் குட்டையாகவும் தாமதமாகவும் வரும். மேலும் பிந்தினால் சறுக்கலே இருக்காது. முதல் வகை ஆபத்தானது, ஏனென்றால் வந்துவிட்டது போலவே தெரியும். ட்ரெயினிங் மோடின் திரைக்குறிப்பைப் போட்டுக்கொண்டால் எத்தனையாவது ஃபிரேமில் ஏர் டாட்ஜ் வந்தது என்று எண்ணாகவே தெரியும். கண்ணை நம்புவதைவிட அந்த எண்ணை நம்புங்கள்.

ரோல் (உருண்டு விலகுவது) வருகிறது, அல்லது நின்ற இடத்திலேயே விலகும் ஸ்பாட் டாட்ஜ் வருகிறது: குதிக்கும் பட்டனுக்கு முன்பே எல் பட்டன் விழுந்துவிட்டது. தரையில் எல் என்றால் ஷீல்டு, அதாவது அடியைத் தடுக்கும் கவசம். ஷீல்டோடு ஸ்டிக் பக்கவாட்டில் போனால் ரோல், கீழே போனால் ஸ்பாட் டாட்ஜ். இரண்டு கையும் ஒரே நேரத்தில் பாய்வதால் இப்படி ஆகிறது. ஸ்டிக்கை முதலிலேயே கோணத்தில் பிடித்துக்கொண்டு தொடங்காமல், குதி அழுத்தும்போது ஸ்டிக்கை நகர்த்தத் தொடங்கிப் பாருங்கள். ஒரு கைக்கு வேலை குறைந்தால் மற்றொன்றின் வரிசை ஒழுங்காகும்.

சறுக்கல் வருகிறது ஆனால் தூரம் போதவில்லை என்றால் கோணத்தைப் பாருங்கள். கன்ட்ரோலரின் எண்கோண வாயிலில் மூலைப் பள்ளம் 45 பாகையில் இருக்கிறது. அதில் ஸ்டிக்கை வைத்தால் நடுத்தரத் தூரம்தான் கிடைக்கும். அந்தப் பள்ளத்துக்குச் சற்று மேலே, கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 17 பாகை கீழே பிடிப்பதுதான் நீண்ட சறுக்கல். அதற்கும் மேலே போனால் கீழ்நோக்கிய அசைவையே விளையாட்டு கணக்கில் எடுக்காது, நேர் கிடைமட்டம் என்று எடுத்துக்கொள்ளும். நேரமும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தரையைத் தொடாமல் காற்றிலேயே போய்விடுவீர்கள். எனவே இரண்டையும் சேர்த்துத் திருத்தாதீர்கள். முதலில் 45 பாகைப் பள்ளத்திலேயே வைத்துக்கொண்டு நேரத்தைச் சரிசெய்யுங்கள். அது நிலைத்த பிறகு கோணத்தைத் தட்டையாக்குங்கள். தூரமே வேண்டும் என்றால் தரையில் நன்றாக வழுக்கும் லூயிஜியைப் போட்டுப் பாருங்கள். பீச்சிடம் அந்தத் தூரத்தை எதிர்பார்க்காதீர்கள், அவளுக்கு எப்படிச் செய்தாலும் குட்டைதான்.

வலப்பக்கம் நன்றாக வருகிறது, இடப்பக்கம் வரவில்லை என்பது கிட்டத்தட்ட எல்லாருக்கும் உண்டு. இடது கட்டைவிரல் ஒரு பக்கம் தள்ளுகிறது, மறு பக்கம் மடங்கி இழுக்கிறது. இரண்டும் வெவ்வேறு தசை வேலை. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் செய்வதைவிட, வராத பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து, விரலின் எந்தப் பகுதி ஸ்டிக்கைத் தொடுகிறது என்று பாருங்கள். நுனியால் பிடித்தால் கோணம் தவறும். முதல் மடிப்புக்குச் சற்று மேலே உள்ள சதைப் பகுதியால் பிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எல்-கேன்சல் காலி இடத்தில் வருகிறது, அடி பட்டால் வரவில்லை

காற்றில் ஒரு தாக்குதல் செய்து தரையில் இறங்கும்போது ஒரு தடுமாற்றம் உண்டு. தரையைத் தொடுவதற்கு முந்தைய 7 ஃபிரேமுக்குள் எல், ஆர், இசட் இவற்றில் ஏதாவது ஒன்றை அழுத்தினால் அந்தத் தடுமாற்றம் பாதியாகும். இதுதான் எல்-கேன்சல். ஃபாக்ஸின் நியூட்ரல் ஏருக்கு (ஸ்டிக்கைத் தொடாமல் காற்றில் செய்யும் தாக்குதல்) 15 ஃபிரேம் என்பது 7 ஆகிறது. கேப்டன் ஃபால்கனின் புகழ்பெற்ற முழங்கால் அடிக்கு 19 என்பது 9 ஆகிறது. அந்த வித்தியாசத்தில்தான் அடுத்த அடி விழுமா, எதிராளியின் கிராப் (பிடி) விழுமா என்பது முடிவாகிறது.

7 ஃபிரேம் என்பது மெலேயில் தாராளமான இடைவெளி. அதனால் காலி இடத்தில் இது சீக்கிரம் கைக்கு வந்துவிடும். சிக்கல் அடி படும்போது தொடங்குகிறது. அடி பட்டதும் இரண்டு பாத்திரமும் சில ஃபிரேம் உறைந்து நிற்கும். அது ஹிட்லேக். 12 சதவீதம் சேதம் தரும் அடி என்றால் 7 ஃபிரேம் உறைவு. தரை தொடும் நேரம் அந்த அளவு தள்ளிப்போகிறது. காலி இடத்தில் பழகிய விரல் பழைய நேரத்திலேயே அழுத்தினால் பிசகும். ஷீல்டு மேல் அடித்தாலும் இதே உறைவு உண்டு.

எனவே காலி இடத்தில் நூற்றுக்கு நூறு வரும்வரை காத்திருக்காதீர்கள். ஓரளவு வந்ததும் எதிரில் ஒரு பாத்திரத்தை நிறுத்தி, ஷீல்டைப் பிடித்தபடி இருக்கச் சொல்லி அமையுங்கள். அதன்மேல் சில முறை அடியுங்கள், பக்கத்தில் காலியாகச் சில முறை இறங்குங்கள். எப்போது எது என்று முன்கூட்டி முடிவு செய்யாமல் கலந்து செய்யுங்கள். கண் பார்க்க வேண்டியது உங்கள் பாத்திரத்தின் கால். எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. பின்னால் ஆட்டத்தில் கண் அங்கே போகத்தான் செய்யும், ஆனால் அதற்குள் அந்த உறைவின் நீளம் விரலுக்குத் தெரிந்திருக்கும்.

அழுத்தினேன் ஆனாலும் வரவில்லை என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, டிரிக்கரை ஏற்கெனவே பாதி அழுத்திய நிலையில் வைத்திருக்கிறீர்களா? புதிதாக அழுத்தினால்தான் கணக்கு. இரண்டு, 20எக்ஸ்எக்ஸ் போன்ற மாற்றங்களில் தவறினால் பாத்திரம் சிவப்பாக மின்னும்படி வைக்கலாம். அதை வைத்துப் பார்த்தால் வரவில்லை என்று நினைத்த பல முறை உண்மையில் வந்திருப்பது தெரியும். அப்படியானால் பிழை எல்-கேன்சலில் இல்லை. அடுத்த அசைவை முந்தி அழுத்துகிறீர்கள், அவ்வளவுதான்.

இங்கே ஒரு நல்ல பழக்கத்தை ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். டிரிக்கரை க்ளிக் ஆகும்வரை அழுத்தினால் அது டெக் (அடி பட்டு விழும்போது தரையில் உடனே சமாளித்து எழுவது) செய்யும் முயற்சியாகவும் பதிவாகும். அந்த நேரத்தில் எதிராளி உங்களை அடித்துவிட்டால், சற்று நேரம் உங்களால் மறுபடி டெக் செய்ய முடியாது. லேசாக அழுத்தியோ இசட் பட்டனாலோ எல்-கேன்சல் செய்தால் இந்தச் சிக்கல் இல்லை. பின்னால் மாற்றிக்கொள்வது பெரும் பாடு.

ஷார்ட் ஹாப் கேட்டால் முழுக் குதி

ஷார்ட் ஹாப், அதாவது குட்டைக் குதி, வர ஜம்ப்ஸ்குவாட் முடிவதற்குள் பட்டனை விட்டுவிட வேண்டும். ஃபாக்ஸில் அதற்கு 50 மில்லிவிநாடிகூட இல்லை. கட்டைவிரலை மேலிருந்து கீழாக அமுக்கி எடுப்பவர்களுக்கு இது எப்போதும் தகராறுதான். பட்டனின் ஓரத்தில் விரலை வைத்து வழுக்கி வெளியே எடுங்கள். அழுத்துவதும் விடுவதும் ஒரே அசைவாகிவிடும். ஒய் பட்டனில் இது எக்ஸைவிட எளிது என்பது என் கருத்து. பதற்றமாக இருக்கும்போது மட்டும் முழுக் குதி வருகிறது என்றால் பிடி இறுகிவிட்டது என்று பொருள். தோளையும் மணிக்கட்டையும் தளர்த்திவிட்டுத் தொடருங்கள்.

இதோடு வேகமாகக் கீழே விழுவதையும் சேர்க்கும்போது புதிய பிழைகள் வரும். நியூட்ரல் ஏர் கேட்டால் டவுன் ஏர் (கீழ்நோக்கிய தாக்குதல்) வருகிறது என்றால், தாக்கும் பட்டன் விழும் நேரத்தில் ஸ்டிக் ஏற்கெனவே கீழே போய்விட்டது. வேகமாக விழவே இல்லை என்றால், உச்சிக்குப் போகும் முன்பே ஸ்டிக்கைக் கீழே தட்டிவிட்டீர்கள். பாத்திரம் இறங்கத் தொடங்கிய பிறகு தட்டினால்தான் அது வேலை செய்யும். முன்னாலேயே தட்டி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி தட்ட வேண்டும்.

டேஷ் டான்ஸ் நின்று நின்று போகிறது

டேஷ் டான்ஸ் என்பது இரு பக்கமும் மாறி மாறிச் சட்டென்று ஓடித் திரும்புவது. சரேலென்று திரும்பாமல் கால் தேய்த்து வழுக்கித் திரும்பினால், பிந்திவிட்டீர்கள். ஓட்டத்தின் முதல் சில ஃபிரேமுக்குள்தான் உடனடித் திருப்பம் கிடைக்கும். ஃபாக்ஸுக்கு 11, ஃபால்கனுக்கு 15. அதைத் தாண்டினால் அது முழு ஓட்டம். நின்ற இடத்திலிருந்து பின்பக்கம் ஓடக் கேட்டால் மெல்லத் திரும்பி மட்டும் நிற்கிறது என்றால் ஸ்டிக் மெதுவாகப் போகிறது, அல்லது கன்ட்ரோலர் அந்த அசைவைச் சரியாகப் படிக்கவில்லை. அசல் விளையாட்டில் இதற்கு ஸ்டிக் ஒரே ஃபிரேமில் இடைப்பகுதியைத் தாண்டியாக வேண்டும். யூசிஎஃப் என்ற திருத்தம் இதைத் தளர்த்துகிறது. ஸ்லிப்பியில் அது உள்ளேயே இருக்கிறது. கன்சோலில் பழகுகிறீர்கள் என்றால் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் விரலைக் குறை சொல்லுங்கள்.

ஷைன் தொடர்ந்து வரவில்லை

ஃபாக்ஸின் ஷைன் (ஸ்டிக்கைக் கீழே வைத்து பி அழுத்தினால் வரும் ஒளித் தாக்குதல்) முதல் ஃபிரேமிலேயே அடிக்கும். 4ஆவது ஃபிரேமிலிருந்து அதைக் குதியால் முறிக்கலாம். மல்டிஷைன் என்றால் ஷைன், குதி, தரையை விட்ட முதல் ஃபிரேமிலேயே மறுபடி ஷைன். பிழைகளை அடையாளம் காண இதைவிட நல்ல பாடம் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு தவறுக்கும் தனி முகம் இருக்கிறது.

ஷைன் அப்படியே நிற்கிறது, குதி வரவில்லை: குதியை 4ஆவது ஃபிரேமுக்கு முன் அழுத்திவிட்டீர்கள். குதித்துவிட்டது, இரண்டாவது ஷைன் வரவில்லை: பி பட்டனை ஜம்ப்ஸ்குவாட்டுக்குள் அழுத்திவிட்டீர்கள். மேலே எழும்பிய பிறகு காற்றில் ஷைன்: பி பிந்திவிட்டது. துப்பாக்கி வெடிக்கிறது: ஸ்டிக் கீழே இல்லை. பக்கவாட்டில் பாய்ந்து ஓடிவிடுகிறது: ஸ்டிக் சாய்ந்துவிட்டது. கடைசி இரண்டும் வந்தால் ஸ்டிக்கைக் கீழேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை மட்டும் மாற்றி மாற்றித் தட்டுங்கள். முதல் மூன்றும் நேரப் பிழைகள். அவற்றுக்கு ஃபிரேம் அட்வான்ஸில் ஒருமுறை கையால் நகர்த்திச் செய்துபாருங்கள். எத்தனை ஃபிரேமுக்கு ஒருமுறை விரல் இறங்குகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு முழு வேகத்துக்கு வாருங்கள்.

வேகத்தைக் குறைத்துப் பழகுவது பற்றி ஒரு வார்த்தை. வரிசையைக் கற்கக் குறைந்த வேகம் நல்லது. நேரத்தைக் கற்க அது உதவாது. பாதி வேகத்தில் பழகிய விரல் முழு வேகத்துக்கு வந்ததும் புதிதாகத்தான் கற்க வேண்டும். வரிசை மனதில் பதிந்ததும் அதை விட்டுவிடுங்கள்.

ஷைனையும் வேவ்டேஷையும் சேர்த்துச் செய்யும் வேவ்ஷைனில் கூடுதலாக ஒரு பிழை வரும். ஷைன் வேண்டிய இடத்தில் பக்கப் பாய்ச்சல் வந்தால், வேவ்டேஷுக்காக ஸ்டிக்கை முன்னதாகவே சாய்த்துவிட்டீர்கள். ஷைனின் ஒளி தெரிந்த பிறகுதான் ஸ்டிக் கீழிருந்து பக்கம் போக வேண்டும்.

லெட்ஜ்டேஷ்: விழுந்து சாகிறேன்

மேடையின் விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது ஏறத்தாழ அரை விநாடி நேரம் யாரும் உங்களைத் தொட முடியாது. விளிம்பை விட்டு, இரண்டாம் குதி குதித்து, மேடைமேல் ஏர் டாட்ஜ் செய்து சறுக்கினால், அந்தப் பாதுகாப்பில் மிச்சமிருக்கும் ஃபிரேம்களோடு தரையில் நின்று தாக்கலாம். இதுதான் லெட்ஜ்டேஷ். அந்த மிச்சத்தை ஆட்டக்காரர்கள் காலிண்ட் என்கிறார்கள். ட்ரெயினிங் மோடில் இதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. ஒவ்வொரு முயற்சியும் எந்த ஃபிரேமில் என்ன செய்தது என்று வண்ணக் கட்டங்களாகக் காட்டும். அதைப் படிக்கப் பழகுவதே பாதி வெற்றி.

விளிம்பை விடாமல் உருண்டு மேலே ஏறுகிறது என்றால், தொங்கும்போதே ஏர் டாட்ஜ் பட்டனை அழுத்திவிட்டீர்கள். சாதாரணமாக எழுந்து நிற்கிறது என்றால், விடுவதற்கு முன்பே ஸ்டிக் மேடைப் பக்கம் போய்விட்டது. இரண்டிலும் கை கடைசி வேலைக்கு முதலிலேயே ஓடுகிறது. விடுவது, குதிப்பது இரண்டை மட்டும் தனியாகப் பழகுங்கள். ஏர் டாட்ஜே வேண்டாம். விளிம்பை விட்டதும் எவ்வளவு சீக்கிரம் குதி வருகிறது என்பதை மட்டும் பாருங்கள்.

விட்டதும் சரசரவென்று கீழே போய்விடுகிறது: ஸ்டிக்கைக் கீழே தட்டி விட்டிருக்கிறீர்கள், அது வேகமாக விழுவதாகவும் பதிவாகிறது. ஸ்டிக்கை மேடைக்கு எதிர்ப்பக்கம் தள்ளி விடுங்கள்.

சுவரில் மோதி விழுகிறது: உயரம் போதாமல் ஏர் டாட்ஜ் செய்துவிட்டீர்கள். பாத்திரத்தின் கால் விளிம்பைத் தாண்டவில்லை. இதைத்தான் எல்லாரும் பயந்து, அடுத்த முயற்சியில் அதிகம் தாமதித்து, மேடைக்கு மேலே உயரத்தில் ஏர் டாட்ஜ் செய்கிறார்கள். அப்போது சாவதில்லை, ஆனால் இறங்கும்போது பாதுகாப்பு தீர்ந்திருக்கும். வெறும் தரையில் கிடைத்த இலக்காகத்தான் நிற்பீர்கள். தனியாகப் பழகும்போது சாவதற்குத் தண்டனை எதுவும் இல்லை. சேமித்த நிலைக்கு ஒரு பட்டனில் திரும்பிவிடலாம். ஆகவே பாதுகாப்பான பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல நெருங்குவதைவிட, சாகும் பக்கத்திலிருந்து ஒவ்வொரு ஃபிரேமாகத் தாமதித்து மேலே வாருங்கள். முதலில் ஏறி நிற்கும் அந்த இடம்தான் உங்களுக்கு வேண்டிய நேரம்.

ஒரு மேடையில் வந்தது வேறு மேடையில் வராமல் போகலாம். விளிம்பின் வடிவம் மேடைக்கு மேடை வேறு. பேட்டில்ஃபீல்டில் நன்றாக வருகிறது என்பதால் யோஷிஸ் ஸ்டோரியிலும் வரும் என்று நினைக்காதீர்கள். போட்டிகளில் வழக்கமாக அனுமதிக்கும் மேடைகளை ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள்.

கட்டைவிரல் அடியிலோ மணிக்கட்டிலோ வலி

அன்றைக்கு நிறுத்துங்கள். நாளைக்கும் வலித்தால் நாளைக்கும் வேண்டாம். தொடர்ந்து வலித்தால் மருத்துவரைப் பாருங்கள். மெலே கையை வருத்தும் விளையாட்டு. கை வலியால் ஒதுங்கியவர்களும், ஸ்டிக் இல்லாத பெட்டிக் கன்ட்ரோலருக்கு மாறியவர்களும் இருக்கிறார்கள். மல்டிஷைன் போன்றவற்றைச் சின்னச் சின்னத் தவணையாகச் செய்து, நடுவே கையைக் கீழே போட்டு ஓய்வு கொடுங்கள். பிழைகள் திடீரென்று எல்லாப் பக்கமும் சிதறத் தொடங்கினால், அதாவது ஒருமுறை முந்தியும் ஒருமுறை பிந்தியும் வந்தால், அது பெரும்பாலும் களைப்பு. களைத்த கையால் பழகினால் களைத்த நேரமே பதியும்.

தனியாக எல்லாம் வருகிறது, ஆட்டத்தில் எதுவும் வரவில்லை

இதுதான் அதிகம் கேட்கும் புகார். ஒரே காரணம் என்று எதுவும் இல்லாததால் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் திரையைப் பாருங்கள். பழகுவது பழைய சிஆர்டி டிவியில், ஆடுவது தாமதம் உள்ள எல்இடி டிவியில் என்றால் நேரம் மாறத்தான் செய்யும். டிவியில் கேம் மோடைப் போடுங்கள், முடிந்தால் ஒரே திரையில் இரண்டையும் செய்யுங்கள். கணினியில் கேம்கியூப் அடாப்டர் பயன்படுத்துபவர்கள் அதன் வாசிப்பு வேகத்தை 125 ஹெர்ட்ஸிலிருந்து 1000 ஹெர்ட்ஸுக்கு உயர்த்திக்கொள்வது வழக்கம். அதைப் பழகும் கணினியிலும் ஆடும் கணினியிலும் ஒரே மாதிரி வையுங்கள்.

அடுத்து எதிராளி. சும்மா நிற்கும் பாத்திரத்தின்மேல் அழகாக விழும் காம்போ, மனிதர்மேல் இரண்டாவது அடியிலேயே அறுந்துபோகிறது என்றால் அது உங்கள் விரல் பிழை இல்லை. அவர் டிஐ செய்கிறார். அடி படும்போது ஸ்டிக்கைப் பிடிக்கும் திசையைப் பொறுத்து, தூக்கி எறியப்படும் கோணம் 18 பாகை வரை மாறும். பயிற்சி எதிராளிக்கு டிஐயைத் தற்செயலாக மாறும்படி அமைத்துவிட்டு, அடிக்கும் முன்பே அடுத்ததை முடிவு செய்யாமல், எங்கே பறக்கிறது என்று பார்த்துப் பின்தொடரப் பழகுங்கள். கணினியின் 9ஆம் நிலை எதிராளியோடு மணிக்கணக்கில் மோதுவதை நான் ஆதரிப்பதில்லை. டேஷ் டான்ஸுக்கு அது மனிதர் மாதிரி ஏமாறாது, மனிதருக்குச் சாத்தியமில்லாத வேகத்தில் தற்காத்துக்கொள்ளும், பல சமயம் காரணமே இல்லாமல் நடந்து வந்து அடி வாங்கும். அதை வெல்லப் பழகும் கை மனிதரிடம் வேலை செய்யாது.

மூன்றாவது, பயிற்சியின் அமைப்பு. வரிசையாக ஐம்பது வேவ்டேஷ் செய்யும்போது, அடுத்தது வேவ்டேஷ்தான் என்று கைக்கு முன்பே தெரியும். ஆட்டத்தில் அப்படித் தெரியாது. தனித்தனியாக வந்தவற்றைக் கலந்துவிடுங்கள். ஷீல்டு பிடித்த எதிராளிமேல் அடித்து இறங்கி, ஒருமுறை பின்னோக்கி வேவ்டேஷ், ஒருமுறை ஷைன், ஒருமுறை சும்மா நின்று பார்ப்பது. கீழே விழுந்த எதிராளி எழுந்து நிற்கிறாரா, உருளுகிறாரா என்று பார்த்துப் பின்தொடரும் பயிற்சியும் ட்ரெயினிங் மோடில் இருக்கிறது. தனியாக இருக்கும்போது கண்ணையும் கையையும் சேர்த்துப் பழக்க அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் எங்கே தவறுகிறது என்று தெரியவில்லை என்றால் ஸ்லிப்பியைத் திறந்துபாருங்கள். அது ஒவ்வோர் ஆட்டத்தையும் தானாகவே பதிவுசெய்து வைத்திருக்கும். தோற்ற ஆட்டம் ஒன்றை எடுத்து, ஒரே ஒரு நுட்பத்தை மட்டும் தேடிப் பாருங்கள், உதாரணமாக வேவ்டேஷ். அது வராத ஒவ்வோர் இடத்திலும் பதிலாக என்ன வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள்: வெறும் குதி, ரோல், காற்றில் டாட்ஜ், குட்டைச் சறுக்கல். பெரும்பாலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். ரோல்தான் அதிகம் என்றால் ஷீல்டிலிருந்து அவசரப்படும்போது எல் முந்துகிறது. அடுத்த பயிற்சியை ஷீல்டு பிடித்த நிலையிலிருந்தே தொடங்குங்கள். ஷீல்டு பட்டனை முழுதும் விட்டுவிட்டு, குதி, பிறகு அதே பட்டனை மறுபடி க்ளிக் என்று செய்துபாருங்கள். அல்லது ஷீல்டுக்கு ஒரு டிரிக்கர், டாட்ஜுக்கு மற்றொன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள்.